மீனுக்கு வோட்கா ஊத்தலாமா?

செப்டம்பர் அரையாண்டுக் கணக்கு முடிப்பு, அதைத் தொடர்ந்து இன்ஸ்பெக்‌ஷன்னு பிராஞ்சில் ஆணி கொஞ்சம் அதிகம். அதான் இந்தப் பக்கம் வரமுடியலை. இதுக்கு நடுவில் ரெண்டு பேர் ஒரே சந்தேகத்தோடு எழுதியிருந்தாங்க. ஒருத்தர் பஹ்ரைன், இன்னொருத்தர் சிங்கப்பூர். "சார், உப்புத்தண்ணித் தொட்டியில் நைட்ரேட் இறங்கவே மாட்டேங்குது. தினம் கொஞ்சம் வோட்கா ஊத்தினா இறங்கிடும்னு சொல்றாங்களே, ஊத்தலாமா?"

ரெண்டு வரியில் பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கு. அதையும் சேர்த்தே எழுதிடறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி.

2020 செப்டம்பர். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பேங்க் கொடுத்த லீஸ் வீடு, மூணாவது மாடி. ஊரிலிருந்து வந்த அம்மா ஊரடங்கில் திரும்பிப் போக முடியாமல் எங்களோடயே இருந்தாங்க. ஒருநாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தவங்க தோசை மாவுக்கும் தயிருக்கும் நடுவில் ஒரு குவார்ட்டர் பாட்டிலைப் பார்த்துட்டாங்க.

"ஏலே, என்னல இது?"

"மீனுக்கும்மா."

அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "எங்க அப்பா மருந்துக்குன்னாரு. உங்க அப்பா உடம்பு வலிக்குன்னாரு. நீ மீனுக்குங்க. நல்லாருக்குல."

தங்கமணி சமையலறைக்குள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் சொன்னது நிஜம்னு அவங்களுக்குத் தெரியும், ஆனா வாயைத் திறக்கலை. (நல்ல ஆளுங்க!) போதாக்குறைக்கு, 1949ஆம் வருஷச் சட்டப்படி மகாராஷ்டிராவில் குடிக்க பெர்மிட் வேணும். கடையிலேயே அஞ்சு ரூபாய்க்கு ஒருநாள் பெர்மிட் எழுதிக் கொடுத்துடுவாங்க. உடல்நலத்தைப் பேணுவதற்காகன்னு அதில் இருக்கும். யாருடைய உடல்நலம்னு கடைக்காரர் கேட்கலை, நானும் சொல்லலை.

தூத்துக்குடியில் பிறந்து, வ.உ.சி. கல்லூரியில் பி.காம் படிச்சு, பேங்க் வேலையில் ஊர் ஊராச் சுத்தி மும்பைக்கு வந்தவன் நான். ஊரில் இருந்தவரை கடலைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இங்க வந்து நாலு வருஷத்தில் வீட்டுக்குள்ளேயே கடல் வேணும்னு தோணிடுச்சு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேமுக்கால் அடி உயரம். கல்லு, மணல் போக 250 லிட்டர் தண்ணி. ரெண்டு கோமாளி மீன், ஒரு நீல டேங், நாலு டாம்சல். கோமாளி மீன் ரெண்டும் என் பொண்ணு சொத்து. அப்ப அவளுக்கு ஒன்பது வயசு. பெரியதுக்கு இட்லி, சின்னதுக்கு வடைன்னு பேர் வச்சிருந்தா.

சரி, மேட்டருக்கு வருவோம். நைட்ரேட் எங்கேருந்து வருது?

மீன் தின்னும், கழியும். அதிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியா கடும் விஷம், சீக்கிரம் கொல்லும். நைட்ரேட் அப்படி இல்லை. சத்தமில்லாமல் சேரும். எங்க பாஷையில் சொன்னா வாராக்கடன் மாதிரி. ஒருநாளில் பேங்க் மூழ்காது, ஆனா ஒவ்வொரு காலாண்டும் கூடிக்கிட்டே இருக்கும்.

இதில் கார்பன் எங்கே வந்தது? 1934ல் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டுன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி கடலில் மிதக்கிற நுண்ணுயிர்களை ஆராய்ஞ்சு, அதுங்க உடம்பில் இருக்கிற சத்துக்கள் ஏறக்குறைய நிலையான விகிதத்தில் இருக்குன்னு காட்டினார். இன்னிக்கு எல்லோரும் சொல்ற கணக்கு: கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1. நம்ம தொட்டியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிஞ்சிக் கிடக்கு. பாக்டீரியா சுலபமாச் சாப்பிடக்கூடிய கார்பன்தான் இல்லை. அதைக் கொடுத்தா பாக்டீரியா மளமளன்னு பெருகும். பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்புக்குள் இழுத்துக்கும். புரோட்டீன் ஸ்கிம்மர் அந்த பாக்டீரியாவை நுரையோடு சேர்த்து வெளியே தள்ளிடும். கல்லுக்குள் காற்று எட்டாத இடங்களில் இருக்கிற பாக்டீரியா நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனை உருவி, மிச்சத்தை நைட்ரஜன் வாயுவா விட்டுடும். கார்பனுக்கு வோட்கா, வினிகர், சர்க்கரை எது வேணும்னாலும் ஆகும். 2000களின் தொடக்கத்தில் ஜெர்மன்காரங்க இதைப் பரப்ப, அப்புறம் அமெரிக்கா முழுக்கப் பரவிடுச்சு.

இது புருடா இல்லை. வேலை செய்யற முறைதான். நம்ம ஊர் வனாமி இறால் குளங்களில் மொலாசஸ் ஊத்தறதும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். கார்பனைக் கொடுத்து பாக்டீரியாவை வளர்த்து அம்மோனியாவை அதுங்க தலையில் கட்டறது.

அப்புறம் என்ன பிரச்சினைன்னு கேட்கறீங்களா? நான்தான் பிரச்சினை.

என் டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் 80 காட்டுச்சு. பதறிட்டேன். முறைப்படி 100 லிட்டருக்கு 0.1 மில்லியில் ஆரம்பிச்சு, நாலாம் நாள் அதை இரட்டிப்பாக்கி, அப்புறம் வாரத்துக்கு அரை மில்லிக்கு மேல் ஏத்தாமல் போகணும். என் தொட்டிக்குத் தொடக்கம் கால் மில்லி. முதல் வாரம் ஒழுங்காத்தான் செஞ்சேன். ரெண்டாவது வாரம் சோதிச்சா, 80 அப்படியே நிக்குது. மூணாவது வாரமும் அதே. லோன் வசூல் ஆகலைன்னா மேலேருந்து போன் வருமே, அந்த மாதிரி ஒரு கடுப்பு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு ஏத்தி நாலாவது வாரம் 8 மில்லியில் வந்து நின்னேன்.

ஏன் இறங்கலைங்கிற காரணம் பின்னாடிதான் புரிஞ்சது. பாசி வருதேன்னு ரெண்டு மாசம் முன்னாடி பாஸ்பேட்டை உறிஞ்சற துருக் குருணையை ஃபில்டரில் போட்டு, பாஸ்பேட்டைச் சுத்தமாத் துடைச்சு வச்சிருந்தேன். 106, 16, 1. அந்த 1 இல்லைன்னா 16 எப்படிப் போகும்? மூணு கையெழுத்து வேண்டிய பத்திரத்தில் ஒருத்தர் இல்லாமலே ரிஜிஸ்டர் பண்ணப் பார்த்த கதை. பாக்டீரியா வோட்காவைத் தின்னுது, மூச்சு விடுது, ஆனா உடம்பு வளர வழியில்லை. நானோ அளவு போதலைன்னு நினைச்சு ஊத்திக்கிட்டே இருக்கேன்.

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. மும்பைக்காரங்களுக்கு மறந்திருக்காது. காலையில் ஒன்பது மணிவாக்கில் 8 மில்லியை ஊத்திட்டு பிராஞ்சுக்குக் கிளம்பினேன். பத்து மணிக்கு மும்பை முழுக்க மின்சாரம் போச்சு. ஓடிக்கிட்டிருந்த லோக்கல் ட்ரெயினெல்லாம் நின்ன இடத்திலேயே நின்னுச்சு. மும்பையில் கரண்ட் போறதுங்கிறதே அபூர்வம், அதனால யார் வீட்டிலும் தயாரிப்பு கிடையாது. என் தொட்டியில் ஸ்கிம்மர், அலை பம்பு, ஃபில்டர் எல்லாம் ஒரே சமயத்தில் நின்னாச்சு. ஊரில் இருக்கிறவங்க கையில் எப்பவும் ஒரு பேட்டரி ஏர் பம்பு வச்சிருப்பாங்க. நான்தான் மும்பைவாசி ஆச்சே!

மதியத்துக்கு மேல்தான் எங்க கட்டடத்துக்குக் கரண்ட் வந்தது. அதுக்குள்ள டேங் தரையில் சாய்ஞ்சு கிடந்தது. இட்லியும் போயாச்சு. வடையும் டாம்சல்களும் தண்ணி மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துக்கிட்டு இருந்ததா அம்மா சொன்னாங்க. அவங்கதான் சமயோசிதமா ஒரு செம்பில் தண்ணியை மொண்டு மொண்டு மேலேருந்து ஊத்தியிருக்காங்க. ஒன்றரை மணி நேரம், எழுபது வயசில், நின்னபடியே. தப்பிச்சது அத்தனையும் அந்தச் செம்பாலதான்.

சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்ததும் பொண்ணு கேட்டா. "அப்பா, நீ ஊத்தின மருந்தாலயா இட்லி செத்துப்போச்சு?"

"இல்லைடா கண்ணா. கரண்ட் போச்சுல்ல, அதான்."

அவ நம்பிட்டா. ஊரே கரண்டைத் திட்டிக்கிட்டு இருந்த நாள், யார்தான் நம்ப மாட்டாங்க? நானும் பாதி நம்பிட்டேன். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எங்க தொழிலில் இப்படி எழுதற வாக்கியங்களுக்குத் தனி மதிப்பே உண்டு.

அந்த வாரம் தொண்டி பக்கம் இறால் பண்ணை வச்சிருக்கிற அத்தை மகன் போன் பண்ணினார். விஷயத்தைச் சொன்னேன். "மாப்ள, ஏரேட்டர் ஓடாத குளத்துல மொலாசஸ் ஊத்துவியா?"ன்னு கேட்டார். "எங்க ஊருல பள்ளிக்கூடம் போகாத பயலுக்குக்கூட இது தெரியும். நாங்க ஜெனரேட்டர்ல டீசல் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மொலாசஸ் வாளியையே தொடுவோம்." பதில் சொல்ல ஒண்ணும் இல்லை. இணையத்தில் இருபது பக்கம் இங்கிலீஷில் படிச்சவன், அதே வேலையைக் கையால செய்யற அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்கலை.

அதுக்கப்புறம்தான் முதலிலேயே செஞ்சிருக்க வேண்டிய வேலையைச் செஞ்சேன். ஆடிட். வெளியே போற வழியை விட்டுட்டு, உள்ளே வர்ற வழியைப் பார்த்தேன்.

ஊரடங்கில் எல்லோரும் வீட்டில். பொண்ணுக்கு ஆன்லைன் கிளாஸ், நடுநடுவே மீனுக்குத் தீனி. அம்மாவுக்குப் பொழுது போகலை, "வாயைத் திறந்து திறந்து மூடுது, பசிக்குது போல"ன்னு அவங்க ஒரு கை. தங்கமணி ஒரு சிட்டிகை. நான் ராத்திரி வந்து ஒரு சிட்டிகை. யார் போட்டது யாருக்கும் தெரியாது. நகைக்கடன் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசு வாங்கி, ஒவ்வொருத்தரையும் அவங்க வழக்கமாப் போடற அளவை அதில் போடச் சொன்னேன். பொண்ணு 0.6 கிராம், அம்மா 0.8, தங்கமணி 0.3, நான் 0.2. ஆக நாளைக்கு 1.9 கிராம். ஏழு மீனுக்கு!

இப்ப கணக்கைப் பாருங்க. தீனி டப்பாவில் புரதம் 45 சதவீதம்னு போட்டிருக்கு. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அப்ப ஒரு கிராம் தீனியில் 72 மில்லிகிராம் நைட்ரஜன். அது மொத்தமும் நைட்ரேட்டா மாறினா சுமார் 320 மில்லிகிராம். 250 லிட்டரில் அது லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். நாளைக்கு 1.9 கிராம்னா வாரத்துக்கு 17 ஏறும். நான் வாரம் 20 சதவீதம் தண்ணி மாத்தறவன். இப்படியே போனா அளவு எங்கே போய் நிக்கும்? 17 வரவு, 20 சதவீதம் செலவு. வரவும் செலவும் சமமாகற இடம் 85. என் டெஸ்ட் கிட் காட்டினது 80.

தொட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. நாங்க போட்டதைத்தான் அது பைசா சுத்தமாக் கணக்குக் காட்டியிருக்கு.

அரை கிராம்னு முடிவாச்சு. ஞாயித்துக்கிழமை பொண்ணு ஏழு சின்ன டப்பாவில் நிறுத்துப் போட்டு வச்சுடுவா. அன்னிக்கு டப்பா காலியா இருந்தா யாரும் தீனியைத் தொடக்கூடாது. வாரம் 50 லிட்டர் தண்ணி மாத்தல். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஒன்றேமுக்கால் கிலோ உப்பு. (மாசச் செலவு எங்க வீட்டுக் காபிப்பொடிச் செலவுக்குச் சவால் விடும். மாட்டுங்காவில் இருந்துக்கிட்டு காபியைக் குறைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.) வோட்கா இல்லை, துருக் குருணை இல்லை. மூணு மாசத்தில் நைட்ரேட் 30க்குக் கீழே வந்துடுச்சு. இன்னிக்கு வரைக்கும் 20க்கும் 25க்கும் நடுவில் நிக்குது.

இப்ப என் கருத்து. யாருக்காவது சுருக்குன்னு பட்டா மன்னிச்சுக்கோங்க.

முதல் கேள்வி, நைட்ரேட்டை ஏன் சுழியாக்கணும்? நமக்கு இந்திய தர நிர்ணயப்படி குடிதண்ணியிலேயே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைக்கும் நைட்ரேட் இருக்கலாம். கடல் மீன் மட்டும் வளர்க்கிற தொட்டியில் 20, 30 இருந்தா மீன் பாட்டுக்கு இருக்கும். சுழிக்குப் பக்கத்தில் வேணும்னு துடிக்கிறவங்க பவளம் வளர்க்கிறவங்க. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் வோட்கா முறையைப் பரப்பினது அவங்கதான். அவங்க கவலைக்கு அவங்க கண்டுபிடிச்ச மருந்து அது. நமக்கு அந்தக் கவலையே இல்லை. இருக்கவும் கூடாது.

ஏன்னா பவளப்பாறை கட்டற பவளங்களை இந்தியாவில் வீட்டில் வச்சுக்க முடியாது. 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் சேர்த்தாங்க. கடல்குதிரையும் அப்பதான் சட்டத்துக்குள் வந்தது. 2022ல் சட்டத்தைத் திருத்தினப்பவும் பவளத்தை முதல் அட்டவணையை விட்டு எடுக்கலை. புலிக்கு என்ன அட்டவணையோ பவளத்துக்கும் அதே அட்டவணை. மாட்டினா குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் உள்ளே. ஆனாலும் "சார், ஒரு சின்னத் துண்டு இருக்கு, யாருக்கும் தெரியாது"ன்னு காதோரம் சொல்ற ஆட்கள் உண்டு. எனக்கும் ஒருத்தர் சொன்னார். வாங்கலை. பயம் ஒரு காரணம், ஒத்துக்கறேன். பேங்க் வேலையில் இருக்கிறவன் மேல் கேஸ்னு ஒண்ணு வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இன்னொரு காரணம் எங்க ஊர்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள். 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. அந்த 21ல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்கு மேல இல்லை. பல வருஷமாச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஆளில்லாமல் கரைஞ்சு போச்சு. எங்க தூத்துக்குடிக்கு எதிரே இருக்கிற வான் தீவும் தேய்ஞ்சு தேய்ஞ்சு, செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கித் தாங்கிப் பிடிக்க வேண்டியதாச்சு. நான் சின்ன வயசில் பார்த்த பழைய வீட்டுச் சுவர்களில் அந்தக் கல்லு இருந்தது. எங்க ஊர் ஏற்கெனவே ஒரு தடவை அதை எடுத்துத் தின்னாச்சு. ஷோகேஸில் வைக்க நானும் ஒரு துண்டு வாங்கணுமா?

கோமாளி மீன் வேணுமா, பண்ணையில் குஞ்சு பொரிச்சதாக் கேட்டு வாங்குங்க. நம்ம மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் அதை வளர்க்கிற முறையை எப்பவோ கண்டுபிடிச்சுக் கொடுத்தாச்சு. கடலிலிருந்து பிடிச்சதை விட இது தொட்டிக்கு நல்லாவே பழகும். கல்லுக்கு இப்ப நல்ல பீங்கான் கல் கிடைக்குது, பாக்டீரியா அதிலும் குடியேறும்.

ரெண்டாவது, பஹ்ரைன் நண்பருக்கும் சிங்கப்பூர் நண்பருக்கும். உங்க ஊர்ச் சட்டம் வேற. முறைப்படி காகிதத்தோடு வாங்கின பவளம் வச்சிருக்கீங்க, தீனியையும் குறைச்சாச்சு, தண்ணியும் மாத்தறீங்க, அப்பவும் நைட்ரேட் இறங்கலைன்னா கார்பன் கொடுங்க. தப்பே இல்லை. ஆனா இதையெல்லாம் சரிபார்த்துட்டுக் கொடுங்க.

பாஸ்பேட் சுழியில் இருக்கான்னு முதலில் பாருங்க. இருந்தா ஒரு சொட்டு கார்பன்கூட வேண்டாம்.

ஸ்கிம்மர் நல்லதா, பெரிசா, ஓயாமல் ஓடறதா இருக்கணும். ஸ்கிம்மர் இல்லாத தொட்டிக்கு இந்த வைத்தியமே கிடையாது. பாக்டீரியா வளர்ந்து அங்கேயே செத்து, நைட்ரஜன் திரும்பத் தண்ணிக்கே வந்துடும். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்த கதைதான். புத்தகம் அழகா இருக்கும், பணம் வந்திருக்காது.

வோட்காவை விட வினிகர் எனக்குப் பிடிக்கும். கை தவறிக் கொஞ்சம் கூடப் போனாலும் வோட்கா அளவுக்கு அடி பலமா இருக்காது. 40 சதவீத வோட்கா ஒரு மில்லிக்கு 5 சதவீத வினிகர் எட்டு மில்லி சமம். இந்தியாவில் வோட்கா 42.8 சதவீதம், மளிகைக் கடை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம், அதனால இங்கே பதினொரு மில்லி ஆகும். பாட்டிலில் போட்டிருக்கிற சதவீதத்தைப் பார்த்துட்டுக் கணக்குப் போடுங்க. நிறம், மணம் சேர்க்காதது வேணும். அமிலம்கிறதால pH கொஞ்சம் இறங்கும், ஒரே தடவையில் கொட்டாமல் பிரிச்சுப் பிரிச்சு ஊத்துங்க. ஃப்ரிட்ஜில் வச்சாலும் அம்மா கேள்வி கேட்க மாட்டாங்க. :-)

அளவை அவசரப்பட்டு ஏத்தாதீங்க. தண்ணி பால் மாதிரி கலங்கினா அன்னிக்கே நிறுத்துங்க. பேட்டரி ஏர் பம்பு ஒண்ணு வாங்கி, மாசம் ஒருதடவை ஓட்டிப் பாருங்க. அது வாங்காதவரைக்கும் பாட்டிலைத் தொடாதீங்க.

கடைசியா அந்தப் பழைய பாக்கி.

பொண்ணு இப்ப பத்தாவது. போன மாசம் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கெமிஸ்ட்ரி படிச்சுக்கிட்டு இருந்தா. கார்பன் சேர்மங்கள் பாடம். எத்தனால் எரியும்போது எவ்வளவு ஆக்சிஜன் வேணும்னு சமன்பாட்டைச் சமப்படுத்தணும். ஒரு மூலக்கூறு எத்தனாலுக்கு மூணு மூலக்கூறு ஆக்சிஜன். அதை எடைக்கு மாத்தச் சொன்னேன். 46க்கு 96, அதாவது ஒரு கிராமுக்கு ரெண்டு கிராமுக்கு மேல. எனக்கு அங்கேயே பொறி தட்டிடுச்சு. பேனாவை அவகிட்டயிருந்து வாங்கினேன்.

8 மில்லி வோட்காவில் சுமார் 2.7 கிராம் எத்தனால். முழுசா எரிக்க பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் 5.6 கிராம். ஒரு பகுதி உடம்பாகும்னு பாதியைத் தள்ளினாலும் 2.8. என் தொட்டியில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்திருக்கும்? மும்பைச் சூட்டில் உப்புத்தண்ணி லிட்டருக்கு ஆறரை மில்லிகிராமுக்கு மேல் பிடிக்காது. 250 லிட்டருக்கு மொத்தமே 1.6 கிராம். இருப்பு 1.6, நான் எழுதின காசோலை 2.8. பம்பு ஓடின வரைக்கும் வெளிக்காற்று தினம் ஓவர்டிராஃப்ட் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கு. அன்னிக்கு அது நின்னதும் காசோலை திரும்பிடுச்சு.

ஏழு மீன் மட்டும் இருக்கிற தொட்டி, வோட்கா ஊத்தாமல் இருந்திருந்தா, அந்தச் சில மணி நேரத்தைத் தாங்கியிருக்கும்னுதான் இப்ப நினைக்கிறேன்.

"என்னப்பா எழுதறே?"ன்னு கேட்டா. சொன்னேன். முழுசும். அன்னிக்கு நான் கரண்ட் மேல பழியைப் போட்டதையும் சேர்த்து.

கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கிட்டு இருந்தா. ஒரு இடத்தில் நான் தசமப் புள்ளியைத் தப்பா வச்சிருந்ததைத் திருத்தினா. அப்புறம் கேட்டா, "அப்போ ஆச்சி மட்டும் செம்பில் ஊத்தலைன்னா வடையும் போயிருக்குமாப்பா?"

"போயிருக்கும்டா."

"ஆச்சிகிட்ட இதைச் சொன்னியா?"

சொல்லலை. அம்மா இப்ப தூத்துக்குடியில். அப்பவே போன் போட்டு அவளே சொன்னா. மறுமுனையில் அம்மா பேசினது எனக்கும் கேட்டது. "நான் அன்னிக்கே நெனச்சேன். சாராயம் யாரைத்தான் வாழ வச்சுருக்கு? சரி, அந்தச் சின்ன மீனு நல்லாருக்கா? நேரத்துக்குத் தீனி போடுறியாளா?"

நேரத்துக்குப் போடறோம்மா. அரை கிராம்.

டிஸ்கி: நான் மீன் வைத்தியர் இல்லை, கணக்குப்பிள்ளை. மேலே இருக்கிற கணக்கில் 250ஐ எடுத்துட்டு உங்க தொட்டியின் லிட்டரைப் போட்டு, உங்க டப்பாவில் எழுதியிருக்கிற புரத சதவீதத்தைப் போட்டு ஒருதடவை நீங்களே செஞ்சு பாருங்க. அதுக்கு முன்னாடி வீட்டில் எத்தனை பேர் தீனி போடறாங்கன்னு விசாரிச்சுடுங்க.